அம்மாவின் கதையைப் பாக்கெட்டில் போடலாமா?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 41. முளைகட்டிய கேழ்வரகு மாவும் சத்துமாவும் தயாரித்து விற்கிறேன். என் அம்மா பல வருடம் சர்க்கரை நோயோடு இருந்தவர். கால் விரலில் வந்த புண் ஆறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு அடுத்த வருடம் இறந்துபோனார். அதன் பிறகுதான் இந்தத் தொழிலைத் தொடங்கினேன். ஒரு பயிற்சி முகாமில், ‘பொருளை விற்காதீர்கள், கதையை விற்பனை செய்யுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவின் காலில் இருந்து பேச்சைத் தொடங்கச் சொன்னார்கள். அம்மாவின் படத்தைப் பாக்கெட்டில் போடச் சொன்னார்கள். ‘சாகும்போது கேழ்வரகுக் கஞ்சி கேட்டார்’ என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் எடுபடும் என்றார்கள். அம்மா அப்படிக் கேட்கவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒரு கண்காட்சியில் பேசினேன். பலர் அழுதார்கள். கொண்டுபோன சரக்கு முழுவதும் அன்றே விற்றுவிட்டது. ஆனால் பாக்கெட்டில் இருக்கும் எண்ணுக்கு ஒருவர்கூட மறுபடி அழைக்கவில்லை. இதற்கிடையில் என் தம்பி, ‘அம்மாவின் காலை விற்றுக் காசு பார்க்கிறாயா’ என்று கேட்டுவிட்டான். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. நான் செய்தது தவறா? பாக்கெட்டில் என்ன எழுதலாம்? அடுத்து வங்கியில் கடன் கேட்கப் போகிறேன். அங்கே இந்தக் கதையைச் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மேலே இருப்பது உங்கள் நீண்ட கடிதத்தின் சுருக்கம். உங்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டேன். கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்டு முடித்துவிட்டு, பிறகு வீட்டுக் கதை, கடைக் கதை என்று மனம் போன போக்கில் எழுதிக்கொண்டே போயிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அந்தப் பக்கங்களில்தான் கிடைத்தது. அதற்கு வருவதற்கு முன் உங்கள் தம்பியைப் பற்றிப் பேசிவிடலாம்.

அவர் சொன்னது சுடுசொல்தான். ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. படுக்கையில் கிடந்தவர் அவருக்கும் அம்மா. காலை எடுப்பதற்குச் சம்மதம் என்று மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள்களை ஒலிபெருக்கியில் கேட்க நேர்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? பயிற்சி கொடுத்தவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நாம் சொந்தக் கதை என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பங்கு அடுத்தவருக்கும் சொந்தம். இறந்தவரிடம் சம்மதம் கேட்க முடியாது என்பதால், அவருக்காகத் துக்கப்பட்டவர்களிடம் கேட்டுக்கொள்வதுதான் முறை. அதற்காக அம்மாவைப் பற்றி எதுவுமே பேசக்கூடாது என்று ஆகிவிடாது. எதைப் பேசுவது என்பதுதான் விஷயம்.

கண்காட்சியில் அழுதவர்கள் ஏன் திரும்ப வரவில்லை என்று குழம்பியிருக்கிறீர்கள். அவர்கள் அன்று மாவு வாங்கவில்லை, சகோதரி. மொய் எழுதினார்கள். தாயைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி எதிரே நின்று அழுதால் நம் ஊரில் யாருக்கும் கை பைக்குப் போகும். கொடுத்தவுடன் கடமை முடிந்தது. மறுமாதம் வீட்டில் மாவு தீரும்போது அவர்கள் நினைவுக்கு வருவது வழக்கமாக வாங்கும் கடைதான். உங்கள் மாவு அந்தக் கடை மாவிலிருந்து எந்த விதத்தில் வேறுபட்டது என்பதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லவே இல்லையே. உங்கள் பேச்சின் நகலை முழுக்கப் படித்தேன். அதில் மருத்துவமனை வருகிறது, கட்டுப் பிரிக்கும் நர்ஸ் வருகிறார், மாவு கடைசி இரண்டு வரியில் வருகிறது.

‘பொருளை விற்காதே, கதையை விற்பனை செய்’ என்ற வாசகத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். விளம்பர நிறுவனங்களில் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதையை விற்பனை செய்பவர் எழுத்தாளர். நீங்கள் மாவு வியாபாரி. வாங்க வருகிறவர் மனதில் இருப்பது ஒரே சந்தேகம்: இத்தனை மாவு கடையில் இருக்கும்போது இந்த மாவை ஏன் நம்ப வேண்டும்? உங்களுக்கு வந்த துயரம் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது. துயரத்துக்குப் பிறகு, தொழிலில் நீங்கள் எடுத்த முடிவு தீர்க்கும். அதுவும் அந்த முடிவால் உங்களுக்குக் கைநஷ்டம் வந்திருந்தால் இன்னும் நன்றாகவே தீர்க்கும்.

அமெரிக்காவில் சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு, பிற்பாடு ஹார்வர்டில் ஆசிரியரானவர் மார்ஷல் கான்ஸ். சொந்தக் கதையைப் பொது இடத்தில் சொல்வதை ஒரு பாடமாகவே வகுத்து நடத்தியவர். கதை சொல்ல வருகிறவரிடம் அவர் எதிர்பார்ப்பது மூன்று: என்ன இக்கட்டு வந்தது, அப்போது எதைத் தேர்ந்தெடுத்தாய், அதனால் என்ன ஆயிற்று. உங்கள் முகாமில் முதலாவதை மட்டும் ஊதிப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு நடுவில் இருப்பதை விட்டுவிட்டார்கள். இக்கட்டு எல்லோருக்கும் வருகிறது. சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள் எந்த ஊரில் இல்லை? அதற்குப் பிறகு நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே உரியது.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு அகப்பட்ட இரண்டு இடங்கள்.

ஒன்று: அம்மா இறந்த பிறகு அலமாரியைச் சுத்தம் செய்திருக்கிறீர்கள். அவர் தினமும் மாலையில் பாலில் கரைத்துக் குடித்துவந்த கடைச் சத்துமாவு டப்பா இருந்திருக்கிறது. முன்பக்கம் தானியக் கதிர் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். பள்ளியில் படிக்கும் உங்கள் மகள் அதை வாங்கிப் படித்துவிட்டு, ‘ரெண்டாவதா சர்க்கரைன்னு போட்டிருக்கும்மா’ என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வரும். உடம்புக்கு நல்லது என்று நம்பி, தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, இதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு: சேலத்தில் ஒரு மொத்தக் கடைக்காரர் உங்கள் மாவைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, ‘சர்க்கரையும் பால் பவுடரும் கொஞ்சம் ஏலக்காய் வாசனையும் போட்டுக் கொண்டு வாருங்கள், மாதம் 200 பாக்கெட் எடுத்துக்கொள்கிறேன்’ என்றிருக்கிறார். நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டீர்கள். வீட்டில் அன்றைக்குச் சண்டை. இதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் கண்காட்சிக்குப் போய்விட்டீர்கள்!

இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் தொழில் எதற்காக நடக்கிறது என்பது இதில் இருக்கிறது. முதலாவது காரணம், இரண்டாவது அதற்குச் சான்று. அறுவைச் சிகிச்சை இதில் எங்கும் தேவைப்படவில்லை.

உணவுப் பொருளின் உறையில் சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலாக, இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. இரண்டாம் இடத்தில் சர்க்கரை இருந்தால், அந்த டப்பாவில் சர்க்கரையை விட அதிகமாக இருந்தது ஒரே ஒரு பொருள்தான். மொழியைப் பற்றியும் விதி இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் உணவு உறைக் குறிப்பு ஒழுங்குமுறைப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். வேறு மொழியில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. ஆக, அந்த டப்பாவைச் செய்த நிறுவனம் சட்டப்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. உங்கள் அம்மாவால் வாசிக்க முடியாத மொழியில் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். யார் மீதும் குற்றம் சுமத்தாமல் இதை நீங்கள் சொல்ல முடியும். அப்படித்தான் சொல்லவும் வேண்டும். எக்காரணம் கொண்டும் அந்த நிறுவனத்தின் பெயரை வெளியில் சொல்லாதீர்கள்.

நீங்கள் ஏற்கெனவே உங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சேர்மானங்களைத் தமிழிலும் அச்சிட்டிருக்கிறீர்கள். அனுப்பிய மாதிரியில் பார்த்தேன். அதை முன்பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். அதற்குக் கீழே கதை. நான் எழுதிப் பார்த்தது இது:

‘கடையில் வாங்கிய சத்துமாவில் என்ன கலந்திருக்கிறது என்று என் அம்மாவால் படிக்க முடியவில்லை. அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அதனால் இந்தப் பாக்கெட்டில் முதலில் அதைத்தான் அச்சிட்டிருக்கிறேன். கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை. வேறு எதுவும் சேர்க்கவில்லை.’

இதில் அம்மா நோயாளியாக வரவில்லை. கடையில் பொருள் வாங்கிய ஒரு பெண்ணாக வருகிறார். அவரைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர் தன் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார், தன் அம்மாவை நினைப்பார், அது போதும். சொன்னது உண்மையா என்று சரிபார்க்கப் பாக்கெட்டை விட்டு எங்கும் போகவும் வேண்டாம். இந்த நான்கைந்து வரியைத் தம்பியிடம் காட்டுங்கள். அவர் எதிர்ப்பு சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னால், எந்தச் சொல் உறுத்துகிறது என்று கேட்டு அதை மாற்றுங்கள். படம் வேண்டாம். பாக்கெட் காலியானதும் குப்பைக்குப் போகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேழ்வரகின் பெருமையையும் அங்கே விளக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் களி கிண்டாத வீடு எது? நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேஷன் கடையிலேயே அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். தானியம் நல்லது என்பது அரசாங்கமே சொல்லிவரும் செய்தி. கலப்பு இல்லை என்பதும், இருப்பதை மறைக்கவில்லை என்பதும் நீங்கள் சொல்ல வேண்டியவை.

ஒரு கதை தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி: கதையை எடுத்துவிட்டுப் பொருளைப் பாருங்கள். பொருள் அப்படியே இருந்தால் கதை வெறும் ஜிகினா. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் வாழ்க்கையைக் கேட்டால் எவருக்கும் நெஞ்சு இளகும். இளம் வயதில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு தன் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆனால் கோணிப்போன விரல்களுக்காக யாரும் அரவிந்துக்குப் போவதில்லை. பணம் கட்டக்கூடியவர் கட்டும் தொகையில், கட்ட முடியாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தபோது, 1992இல் அரோலேப் என்று தனியாகத் தொடங்கித் தாங்களே குறைந்த விலையில் செய்தார்கள். பார்வையின்மையை ஒழிப்பதற்காகவே இந்த மருத்துவமனை என்று அவர் சொன்னதைக் கட்டணக் கவுன்ட்டரிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் பாக்கெட்டின் முன்பக்கம் உங்களுக்கு அந்தக் கவுன்ட்டர்.

அடுத்தது கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பேச்சின் கடைசி வரி: ‘அன்றைக்கே என் அம்மா இந்த மாவைக் குடித்திருந்தால் அவருடைய கால் போயிருக்காது.’ இந்த வரியை இனி எந்த இடத்திலும் சொல்லாதீர்கள். கண்காட்சியில் மிக அதிகமாகக் கைதட்டல் வாங்கியது இதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியதும் இதுதான்.

முதல் காரணம், அது உண்மை இல்லை. கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, எல்லாம் சரி. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். உங்கள் பேச்சைக் கேட்ட யாரோ ஒருவர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு கஞ்சியைக் கூட்டிக்கொண்டால்? இரண்டாவது, சட்டம். ஒரு உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று சொல்வதை 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறை தடுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்திரிகையில் காசு கொடுத்துப் போடுவதுதான் விளம்பரம் என்று நினைக்காதீர்கள். உறை, துண்டறிக்கை, நீங்கள் கொடுக்கும் பில் ஆகியவற்றில் எழுதுவதும் அந்தச் சட்டத்தின் கண்ணில் விளம்பரம்தான். சொந்த வீட்டுக் கதையாகச் சொன்னேன் என்ற சமாதானம் எடுபடாது.

உண்மையான துயரக் கதைக்குப் பின்னால் பொய்யான பொருள் ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி அமெரிக்காவின் தெரனோஸ் நிறுவனம். சில சொட்டு ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்யலாம் என்று சொல்லிப் பெரும் முதலீடு திரட்டிய எலிசபெத் ஹோம்ஸ், புற்றுநோயில் இறந்த தன் மாமாவைப் பற்றி மேடைகளில் உருக்கமாகப் பேசுவார். மாமா இறந்தது உண்மை. இயந்திரம் வேலை செய்யவில்லை. 2022இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பதினோரு ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். உங்களை அவரோடு ஒப்பிடவில்லை. கதை நெகிழ்ச்சியாக இருக்கும்போது கேட்கிறவர்கள் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள், சொல்கிறவரும் நிறுத்திவிடுகிறார். அதற்குச் சொன்னேன்.

‘சாகும்போது கஞ்சி கேட்டார்’ என்பதைச் சேர்க்காமல் விட்டீர்களே, நல்ல காரியம். பெரிய நிறுவனங்களே இப்படி ஒட்டுப்போட்டிருக்கின்றன. ஈபே நிறுவனத்தைத் தொடங்கிய பியர் ஒமிட்யார், தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் பெஸ் மிட்டாய் டப்பா சேகரிப்புக்காகவே அந்தத் தளத்தை உருவாக்கினார் என்று பல வருடம் பத்திரிகைகள் எழுதின. நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் 1997இல் கட்டிய கதை அது. பொருளாதாரம், சந்தை என்று உண்மைக் காரணத்தைச் சொன்னால் நிருபர்களுக்குக் கொட்டாவி வந்தது என்பதால் செய்தார்கள். 2002இல் குட்டு வெளிப்பட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தியாகப் போய்விட்டது. உங்களுக்கு அப்படிப் போகாது. உங்கள் அம்மா சாகும்போது கட்டில் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

கண்காட்சி மேடையில் இனி என்ன பேசுவது? சேலம் கடைக்காரரைப் பேசுங்கள். கடையின் பெயர் வேண்டாம். அந்தக் கடையில் நின்றது, அவர் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தது, 200 பாக்கெட் என்றதும் உங்கள் மனம் கணக்குப் போட்டது, பஸ் டிக்கெட் காசு போக அன்று கையில் எவ்வளவு மிச்சம் இருந்தது, முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததும் அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் நின்றது. அதன் பிறகு, ஏன் முடியாது என்று சொன்னீர்கள் என்பதற்காக அம்மாவின் டப்பா. இரண்டு நிமிடம் போதும். கேட்கிறவர்கள் சிரிக்கவும் இடம் கொடுங்கள்.

சிரிப்பு என்றதும் கோவையின் அருணாசலம் முருகானந்தம் நினைவுக்கு வருகிறார். மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். மனைவியின் மாதவிலக்குத் துணியைப் பார்த்ததில் தொடங்குகிறது அவர் கதை. நம் ஊரில் ஆண் ஒருவர் மேடையில் சொல்லத் துணியாத விஷயம். ஆனால் அவர் பேச்சில் கேலிக்கு ஆளாவது அவரேதான்: கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, தான் செய்த நாப்கினைத் தானே சோதித்தபடி சைக்கிள் ஓட்டிய மனிதர். மனைவி கோபித்துக்கொண்டு போனதையும், ஊர் அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேசியதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். பிறகு, பெரிய நிறுவனங்களுக்கு விற்காமல் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு இயந்திரத்தைக் கொடுத்ததைச் சொல்வார். தன்னையே பரிசோதனைப் பொருளாக்கியவர் என்பதால் அவர் சொல்வதை நம்பத் தோன்றுகிறது. உங்கள் பழைய பேச்சில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. அம்மாதான் எல்லாவற்றையும் இழந்தார். சேலம் கதையில் இழப்பு உங்களுடையது. அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அன்று வீட்டில் நடந்த சண்டையை மட்டும் மேடைக்குக் கொண்டு வராதீர்கள். கவின்கேர் நிறுவனர் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கியதற்குப் பின்னால், சகோதரர்களோடு ஒத்துப்போகாமல் குடும்பத் தொழிலை விட்டு வந்த கதை இருக்கிறது. கருத்து வேறுபாடு என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பேச்சு தந்தை சின்னி கிருஷ்ணனைப் பற்றித்தான்: வசதியானவர்கள் பயன்படுத்தும் பொருள் ஏழைக்கும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம், சிறிய பாக்கெட்டில் ஷாம்பு, அந்த ஷாம்புவுக்கு அவர் பெயரிலிருந்து எடுத்த ‘சிக்’. குடும்பச் சண்டையை யாரும் கேட்டு வாங்கப் போவதில்லை.

திரும்ப வருகிற வாடிக்கையாளரிடம் இது எதையும் சொல்ல வேண்டாம். போன முறை கட்டி தட்டியதா, வாசம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் டப்பாக் கதை தெரிந்திருக்கட்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் யாராவது வந்து, ‘கொஞ்சம் சர்க்கரை சேர்த்துத் தர முடியுமா’ என்று கேட்டால், ஏன் முடியாது என்று அவர்களும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வங்கி விஷயம் வேறு. மேலாளர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே இருப்பவர் படிக்கப்போவது காகிதத்தை. பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, கடனோடு இணைந்த மானியம் உண்டு. உங்கள் பங்காகக் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். இதற்காகவே மாவட்ட அளவில் உதவியாளர்களை நியமித்திருக்கிறார்கள். விண்ணப்பம் ஏற்கும் நிலை இப்போது எப்படி என்று மாவட்டத் தொழில் மையத்திலோ வேளாண் விற்பனை அலுவலகத்திலோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), உணவுப் பாதுகாப்புப் பதிவு, வறுக்கும் இயந்திரத்துக்கான விலைப்புள்ளி, கடந்த ஒரு வருட விற்பனைக் கணக்கு ஆகியவற்றோடு போங்கள்.

அங்கே கதைக்கு ஒரு வாக்கியம்தான் இடம்: ‘சர்க்கரை கலக்காத, சேர்மானத்தைத் தமிழில் முன்பக்கம் அச்சிடும் சத்துமாவு செய்கிறேன்.’ அதற்கு அடுத்து அவர் கேட்கப்போவது, அப்படிப்பட்ட மாவுக்கு ஆள் இருக்கிறார்களா என்பது. அதற்குப் பதில் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும்: யார் வாங்கினார், எந்தத் தேதியில் மறுபடி வாங்கினார். இதுவரை அப்படி எழுதி வைக்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். மூன்றாம் முறை வாங்கியவர்கள் என்று முப்பது பேரைக் காட்ட முடிந்தால் மேலாளர் நிமிர்ந்து உட்காருவார். சேலம் ஆர்டரை விட்டதைச் சொன்னால் அவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். அந்த முப்பது பேரைக் காட்டிவிட்டுச் சொன்னால் தோன்றாது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அனுப்பிய மாதிரிகளில் இரண்டாவது பாக்கெட், கருப்பட்டி கலந்த சத்துமாவு. அதன் மேல் ‘வெள்ளைச் சர்க்கரை இல்லாதது, சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். பனையில் இருந்து வந்தாலும் கரும்பில் இருந்து வந்தாலும் உங்கள் அம்மாவின் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. முதல் பாக்கெட்டில் நான் எழுதிக் கொடுத்த வரிகளை அச்சிட்டுவிட்டு, பக்கத்திலேயே இதையும் அடுக்கி வைத்தால், உங்கள் மகளைப் போல ஒரு பெண் வந்து டப்பாவைத் திருப்பிப் படிப்பாள். இந்தச் சரக்கை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கருப்பட்டி மாவை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘நோயாளிகளுக்கு ஏற்றது’ என்ற வரி போக வேண்டும். எத்தனை சதவீதம் கருப்பட்டி என்பது தமிழில், முன்பக்கம், அதே பெரிய எழுத்தில் வர வேண்டும். பழைய உறை இன்னும் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று எழுதுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்க முடியுமா, முழுக்கப் புதிதாக அச்சடிக்க வேண்டுமா என்று உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவரை அந்தச் சரக்கைக் கண்காட்சிக்கு எடுத்துப் போக வேண்டாம்.